பதினோரு பேர் இல்லாத பட்டியல்

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. கல்லூரி அலுவலகத்தில் என் நாற்காலியில் இப்போது ஷைனி இருக்கிறாள். மாதத்துக்கு ஒருமுறையாவது என்னைக் கூப்பிடுவாள். பழைய மாணவர் ஒருவரின் சேர்க்கை எண், எந்த அலமாரியில் எந்தக் கோப்பு என்று ஏதாவது ஒரு சந்தேகம் இருக்கும். போன திங்கட்கிழமை கூப்பிட்டபோது கேட்பதற்கு ஒன்றுமில்லை, சொல்வதற்குத்தான் இருந்தது.

"சார், இந்தத் தடவ மாணவர் பேரவைத் தேர்தல் போன்லயாக்கும். பிள்ளைகளுக்கு ஒரு லிங்க் போவும். அமுக்கினா ஓட்டு விழுந்திரும். பெட்டியும் வேண்டாம், அரக்கும் வேண்டாம்."

"கொள்ளாமே. வாக்காளர் பட்டியல எங்கேருந்து எடுத்தே?"

"அத கம்ப்யூட்டரே எடுத்துக்கும் சார்."

"கம்ப்யூட்டர் எங்கேருந்து எடுக்கும்?"

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "பாத்துட்டுச் சொல்லுகேன்" என்று வைத்துவிட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு தேர்தல் இருக்கிறது. ஷைனி வேலைக்குச் சேர்வதற்கு முன்பு நடந்தது. அதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

கல்லூரிக்கு வருவதற்கு முன் நான்கு ஆண்டுகள் நாகர்கோவிலில் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்தினேன். அங்கே நான் படித்த பாடம் ஒன்றுதான். ஒரு செய்தி எந்தப் பக்கத்தில் தவறாக வந்ததோ, திருத்தமும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வரவேண்டும். முதல் பக்கத்துத் தவறுக்கு ஏழாம் பக்கத்தின் மூலையில் வருத்தம் தெரிவிப்பதை எங்கள் ஆசிரியர் ஒப்பமாட்டார். பிறகு தக்கலைக்கு மேற்கே, ரப்பர் தோட்டத்தை ஒட்டிய இந்தச் சிறிய கல்லூரியில் தட்டச்சராகச் சேர்ந்தேன். கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். இடைப்பட்ட காலத்தில் ஏறக்குறைய எல்லாப் பேரவைத் தேர்தல்களுக்கும் பட்டியலும் வாக்குச்சீட்டும் தயாரித்தது நான்தான்.

எங்கள் கல்லூரியில் கட்சிகளுக்கு இடமில்லை. விண்ணப்பத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுவோம். ஆனால் பஸ் உண்டு. தேங்காப்பட்டணத்திலிருந்து வருவது கடல் பஸ். குலசேகரம் பக்கமிருந்து வருவது மலை பஸ். களியக்காவிளையிலிருந்து வருவது பார்டர் பஸ். பக்கத்து ஊர்களிலிருந்து வண்டியில் வருகிறவர்கள் பைக் கூட்டம். காலையில் முக்கால் மணி நேரமும் மாலையில் முக்கால் மணி நேரமும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள், மூன்று வருடத்தில் ஒரு குடும்பம் மாதிரி ஆகிவிடுவார்கள். நட்பு, சண்டை, காதல், பரீட்சைக் குறிப்பு எல்லாம் பஸ்ஸிலேயே பரிமாறப்படும். தேர்தல் வந்தால் வேட்பாளர் எந்தத் துறை என்று யாரும் கேட்பதில்லை. "ஏது பஸ்?" என்பதுதான் கேள்வி.

தேர்தல் அதிகாரி கணிதப் பேராசிரியர் ஞானதாஸ். ஒல்லியான மனிதர். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறமாகக் கட்டியிருப்பார். நேரம் பார்ப்பது எதிரே இருப்பவருக்குத் தெரியக்கூடாது என்பார். 'தப்பு' என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. ஒரு தாளைக் கொண்டுபோய் நீட்டினால் வாங்கமாட்டார்.

"வாசியும் ஓய்."

நாம் எழுதியதை நாமே அவர் முன் நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். எங்கே தவறு இருக்கிறதோ அந்த இடத்துக்கு வரும்போது நம் குரலே தடுமாறும். அப்போதுதான் திரும்புவார். "அந்த வரிய மறுபடி வாசியும்." அவ்வளவுதான் கண்டிப்பு.

வாக்குப்பதிவின் முறைகளையும் அவர்தான் வகுத்தார். சீட்டில் பெயர்கள் அகர வரிசையில் இருக்கும். பின்புறம் வகுப்பாசிரியர் கையெழுத்து. இரண்டு மடிப்பு. விளையாட்டுத் துறையின் பழைய பந்துப் பெட்டியில் தச்சரை வைத்து ஒரு துளை வெட்டி, அதையே வாக்குப்பெட்டியாக வைத்திருந்தோம். எண்ணும்போது யாரும் உட்காரக்கூடாது, அவர் உட்பட. ஒவ்வொரு சீட்டையும் பிரித்து, இரண்டு வேட்பாளரின் ஆட்களுக்கும் காட்டி, மனதுக்குள் இரண்டு எண்ணிவிட்டுத்தான் கீழே வைப்பார். சிலர் டிக் போடுவார்கள், சிலர் பெருக்கல் குறி, ஒருத்தர் பூ வரைந்திருப்பார். "இதுல போட்டவன் மனசு தெரியுதா?" என்று இரண்டு பக்கமும் கேட்பார். இரண்டு பேரும் தெரிகிறது என்றால் செல்லும்.

நான் சொல்ல வந்த வருடத்தில் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் ஜெபின், மலை பஸ், இயற்பியல் மூன்றாமாண்டு. கால்பந்து அணித் தலைவன். யாரைப் பார்த்தாலும் தோளில் கை போடுகிறவன். இன்னொருத்தி நஸ்ரின், கடல் பஸ், வணிகவியல் மூன்றாமாண்டு. அதுவரை கடல் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் தலைவர் பதவிக்கு நின்றதில்லை.

வேட்பாளர்கள் வகுப்பு வகுப்பாகப் போய் மூன்று நிமிடம் பேசலாம். நான் கடிகாரத்தோடு வாசலில் நிற்பேன். ஜெபின் கைப்பந்து மைதானத்துக்குப் புது வலையும் கல்லூரி நாளுக்கு நல்ல இசைக்குழுவும் கொண்டுவருவதாகச் சொன்னான். கைதட்டல் விழுந்தது. நஸ்ரின் பேசியது இப்படி:

"மூணு வருசமா இங்க படிக்கேன். ஓணத்துக்கு நாடகம் போட்டாங்க, கிறிஸ்துமஸுக்குப் பாட்டு படிச்சாங்க, பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்துச்சு. எதுலயும் எனக்க பேரு இல்ல. எனக்குப் பாடத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. ஒத்திகை எல்லாம் கல்லூரி விட்ட பொறவு. கல்லூரி விடுகது மூணு நாப்பது. எனக்க பஸ்ஸு மூணே முக்கால். அடுத்த பஸ்ஸு அஞ்சேகாலுக்கு. அதுல போனா வீட்டுல மறுநா கல்லூரிக்கே விடமாட்டாவ."

"பைக் வாங்கு ஏட்டி!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"வாங்குகேன் ஏலே. நீ டெய்லி வந்து ஓட்டிட்டுப் போவியா, இல்ல நானே ஓட்டணுமா?"

வகுப்பு சிரித்து அடங்க அரை நிமிடம் ஆயிற்று. அதை நான் அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

"புதன்கிழமை கடைசி மணி நேரம் நூலகத்துக்குன்னு டைம்டேபிள்ல கெடக்கு. அந்த நேரத்துல நூலகத்துல யாரு இருக்கா? நூலகர் இருக்காரு. அந்த மணி நேரத்த மன்றங்களுக்குத் தரணும். ஒத்திகை, போட்டி எல்லாம் அதுல நடக்கட்டும். பஸ்ஸுல வாற பிள்ளைகளும் இந்தக் கல்லூரியில படிச்சதா நாலு பேருக்குத் தெரியட்டும். நான் கேக்கது இது ஒண்ணுதான்."

இந்தக் கோரிக்கைதான் அந்தத் தேர்தல். கடல் பஸ்ஸில் வரும் பெண்களில் பலருக்குக் கல்லூரி என்பது வகுப்பறையும் பஸ் நிறுத்தமும் மட்டுமாகவே இருந்தது. அவள் ஜெயித்தால் அது மாறும்.

என் தவறு அந்த வருடம்தான் நடந்தது. அதற்கு முன்பெல்லாம் துறை வாரியாகப் பதினான்கு வருகைப் பதிவேடுகளைப் பார்த்துப் பட்டியல் எழுதுவோம். இரண்டு நாள் வேலை. அந்த வருடம் எனக்கு ஒரு யோசனை வந்தது. முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்கள் தமிழ் வகுப்புக்குப் பல துறைகளாகச் சேர்ந்து உட்காருவார்கள். ஆறே வகுப்புகள். தமிழ்த்துறையின் ஆறு பதிவேடுகளை எடுத்தால் இரண்டு வருடத்தின் எல்லாப் பெயர்களும் வந்துவிடும். வாக்குப்பதிவையும் அந்த முதல் மணி நேரத்திலேயே வைத்துவிடலாம். மூன்றாமாண்டுக்கு மட்டும் துறைப் பதிவேடு போதும். பட்டியல் ஒரே நாளில் முடிந்தது. ஞானதாஸ் சார் முன் வாசித்தேன். குரல் எங்கேயும் தடுமாறவில்லை. இல்லாத பெயரை வாசிக்க முடியாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வியாழக்கிழமை முதல் மணி நேரத்தில் வாக்குப்பதிவு அமைதியாக முடிந்தது. பன்னிரண்டு மணிக்கு எண்ணி முடித்தோம். நஸ்ரின் இருநூற்று எண்பத்து நான்கு. ஜெபின் இருநூற்று எண்பத்து ஒன்று. மூன்று வாக்கு வித்தியாசம். ஜெபின் வந்து கைகொடுத்தான். மூன்றே முக்கால் பஸ்ஸில் நஸ்ரினை ஏற்றிவிட கடல் பஸ் முழுவதும் நிறுத்தத்தில் நின்றது. யாரோ செம்பருத்தியைக் கோத்து மாலையாகப் போட்டிருந்தார்கள். ஓட்டுநர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, அனிலா என்ற இரண்டாமாண்டு மாணவி பஸ் பாஸ் விண்ணப்பத்தில் முத்திரை வாங்க அலுவலகத்துக்கு வந்தாள். பார்டர் பஸ். நான் முத்திரை குத்திக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நின்றாள்.

"சாரே, எங்களுக்க ஓட்டு எப்பம்?"

"எந்த ஓட்டு?"

"பேரவை ஓட்டு. மலையாளம் கிளாசுக்கு."

எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் தமிழுக்குப் பதில் மலையாளத்தை மொழிப்பாடமாக எடுத்துப் படிக்கும் பிள்ளைகள் எப்போதும் கொஞ்சம் இருப்பார்கள். எங்கள் கல்லூரியிலும் இருந்தார்கள். மற்றவர்கள் தமிழ் வகுப்பில் இருக்கும்போது அவர்கள் நூலகத்துக்குப் பின்னால் மாடிப்படியை ஒட்டிய சின்ன அறையில் உட்காருவார்கள். பகுதிநேர ஆசிரியர் ஒருவர் கேரள எல்லைக்கு அப்பாலிருந்து வந்து பாடம் எடுப்பார். அவர்கள் பெயர் தமிழ்த்துறையின் பதிவேட்டில் எப்படி இருக்கும்?

"நேத்தே முடிஞ்சுபோச்சே. நீங்க ஏன் கேக்கல்ல?"

"எல்லாரும் வரிசையில நிக்கது கண்டோம் சாரே. எங்களுக்குத் தனியா வச்சுப் பொறவு கூட்டிக்கிடுவாங்கன்னு நெனைச்சோம். எங்களுக்கு எப்பவும் தனியாத்தான வைப்பாங்க."

அவள் சொன்னது சரி. ஒவ்வொரு பருவத் தேர்வின்போதும் அறிவிப்புப் பலகையில் ஒரு வரி இருக்கும்: 'மலையாளம் எடுத்தவர்களுக்குத் தனியே அறிவிக்கப்படும்.' அந்த வரியைத் தட்டச்சு செய்கிறவன் நான். அப்போதே இருபது வருடமாகச் செய்துகொண்டிருந்தேன். அதை நம்பி அவர்கள் வகுப்பிலேயே உட்கார்ந்து பாடம் கவனித்திருக்கிறார்கள். ஆசிரியரும் அப்படியே நினைத்திருக்கிறார்.

"எத்தனை பேரு நீங்க?"

"பதினொண்ணு."

"பார்த்துச் சொல்லுகேன்" என்று அனுப்பினேன். வித்தியாசம் மூன்று. விடுபட்டவர்கள் பதினொன்று.

மதியம் வரை நான் யாரிடமும் சொல்லவில்லை. இதை எழுதத்தான் வேண்டும். முடிவு அறிவித்தாயிற்று. புதன்கிழமை பதவியேற்பு, சிறப்பு விருந்தினருக்கு அழைப்பு போய்விட்டது. அனிலாவிடம் அடுத்த வருடம் என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். எனக்கு நஸ்ரின் ஜெயித்ததில் மகிழ்ச்சியும் இருந்தது. தேர்தல் வேலை செய்கிறவனுக்கு அது இருக்கக்கூடாது. ஆனால் இருந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து, மூடி வைத்துவிட்டு, மலையாள வகுப்பின் பதிவேட்டை வாங்கிக்கொண்டு கணிதத்துறைக்குப் போனேன்.

ஞானதாஸ் சார் வழக்கம்போல் கையை நீட்டவில்லை.

"வாசியும் ஓய்."

பதினோரு பெயரையும் வாசித்தேன். பிறகு இவர்கள் எவருடைய பெயரும் நம் பட்டியலில் இல்லை என்றேன். சன்னலிலிருந்து திரும்பினார். நான் எதிர்பார்த்த வரி வரவில்லை. அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொல்லவில்லை. பதிவேட்டைத் தானே வாங்கிப் பார்த்தார்.

"நானும் கேட்டுட்டுத்தானே இருந்தேன், நீரு வாசிச்சப்பம். ஆறு கிளாஸ்னு சொன்னீரு. ஏழுன்னு எனக்கும் ஓர்மை வரல்ல."

"பதினோரு பேருக்கு மட்டும் இப்பம் ஓட்டு வச்சு, பழசோட கூட்டினா என்ன சார்? சீட்டெல்லாம் பெட்டியில சீல் வச்சு இருக்கு. மொத்தமா கலந்து எண்ணலாம்."

"எண்ணலாம். எண்ணுன பொறவு புது மொத்தத்துலருந்து பழைய மொத்தத்தக் கழிச்சா என்ன தெரியும்?"

நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன்.

"பதினோரு பேரும் எப்படிப் போட்டாங்கன்னு தெரிஞ்சிரும். அஞ்சாங் கிளாஸ் கணக்கு. மூணு ஓட்டு வித்தியாசத்துல நிக்கிற தேர்தல தீர்க்கப்போறது இந்தப் பதினோரு பிள்ளைகன்னு ஊருக்கெல்லாம் தெரியும். நாளைக்கு அதுகள பஸ்ஸுல யாரு சமாதானமா நிக்க விடுவா? முழுசா மறுபடி நடத்தணும். எல்லாருக்கும்."

முதல்வர் எளிதில் ஒப்பவில்லை. விருந்தினர், பதவியேற்பு, வகுப்பு நேரம் என்று அவர் சொன்ன ஒவ்வொன்றும் நியாயமானதுதான். ஞானதாஸ் சார் வாதாடவில்லை. என்னைக் காட்டினார். நான் அந்தப் பதினோரு பெயரை இரண்டாவது தடவையாக வாசித்தேன். முதல்வர், "அந்தப் பொண்ணுகிட்ட நீங்க சொல்லுங்க. என்னால முடியாது" என்றார்.

இரண்டு வேட்பாளர்களையும் அன்று மூன்று மணிக்குக் கூப்பிட்டோம். ஜெபின் முதலில் புரிந்துகொண்டான்.

"அப்பம் நான் தோக்கலியா சார்?"

"அப்பம் நான் ஜெயிக்கலியா?" என்றாள் நஸ்ரின்.

ஞானதாஸ் சார் நடந்ததை ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னார். நஸ்ரின் என்னைப் பார்த்தாள்.

"பட்டியல் போட்டது யாரு சார்?"

"நான்."

"நீங்க விட்டதுக்கு நான் எதுக்கு மறுபடியும் நிக்கணும்? எனக்க வாப்பா இன்னைக்குக் காலையில தெரு முழுக்க சொல்லிட்டு வந்திருக்கு. மூணு வருசம் பேசாம இருந்துட்டு இப்பம்தான் வாயத் தொறந்தேன். அதுவும் செல்லாதா?"

மன்னிப்பு கேட்டேன். அதை அவள் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஜெபின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஞானதாஸ் சார் பதிவேட்டை அவளிடம் நீட்டினார்.

"வாசி மக்கா."

"எதுக்கு சார்?"

"சும்மா வாசி."

எரிச்சலோடு வாங்கி வேகமாக வாசித்தாள். அனிலா, அருண், பின்ஸி என்று போய் ஏழாவது பெயரில் நின்றாள்.

"சுமையா." மறுபடி பார்த்தாள். "இவ எனக்க பஸ்ஸுல்லா?"

சுமையா பத்தாம் வகுப்பு வரை துபாயில் படித்துவிட்டு வந்த பெண். தமிழ் பேசுவாள், எழுத வராது. அதனால் மலையாளம் எடுத்திருந்தாள். தினமும் நஸ்ரினுக்குப் பக்கத்தில் நின்று வருகிறவள்.

"நேத்து மாலை கட்டினது இவதான் சார். செம்பருத்தி பறிச்சுட்டு வந்து இவதான் கட்டினா." பதிவேட்டை மூடவில்லை. "ஓட்டுப் போட்டியான்னு நான் கேக்கவேயில்ல. போட்டிருப்பான்னு நெனைச்சேன்."

மணி மூன்று நாற்பது ஆகியிருந்ததை ஞானதாஸ் சார் மட்டும் தன் கடிகாரத்தில் கவனித்திருந்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, போ. திங்கக்கெழம சொன்னாப் போதும்."

"திங்கக்கெழமல்லாம் வேண்டாம். நிக்கேன்" என்றாள். ஜெபினைப் பார்த்து, "ஏலே, நீயும் நிக்கியா?" என்றாள்.

"நிக்காம பின்ன?"

"நில்லு. இந்தத் தடவ முப்பது ஓட்டுல தோப்பே" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அறிவிப்பை நான் எழுதினேன். முடிவு ஒட்டியிருந்த அதே பலகையில், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில். 'பட்டியல் தயாரித்ததில் அலுவலகத்தின் தவறு' என்று எழுதியிருந்ததை ஞானதாஸ் சார் முன் வாசித்தேன். 'அலுவலகத்தின்' என்ற இடத்தில் என் குரல் தடுமாறியது. அவர் திரும்பினார். அதை அடித்துவிட்டு என் பெயரையும் பதவியையும் எழுதினேன். கீழே கையெழுத்திடும்போது அவர் என் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் சேர்த்தார்.

மறுவாக்குப்பதிவு செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை ஒருநாள் மட்டும் பேச அனுமதி. இரண்டு வேட்பாளர்களும் முதலில் போன இடம் நூலகத்துக்குப் பின்னால் இருந்த சின்ன அறை. இரண்டு பேருக்கும் அது எங்கே என்று தெரியவில்லை. நான்தான் அழைத்துப் போனேன். ஏழு பெஞ்சு, ஒரு மின்விசிறி. கரும்பலகையில் வெள்ளிக்கிழமைப் பாடம் அழியாமல் இருந்தது.

நஸ்ரின் அங்கே பேச்சு பேசவில்லை. சுமையாவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, "ஏட்டி, ஒனக்கு ஓட்டு இல்லன்னு ஏன் என்கிட்ட சொல்லல்ல?" என்றாள்.

"பொறவு வரும்னு நெனைச்சேன். நீ ஜெயிச்ச பொறவு சும்மா எதுக்கு ஒன்னப் பயங்காட்டணும்?" என்றாள் சுமையா.

ஜெபின் வலையைப் பற்றியும் இசைக்குழுவைப் பற்றியும் சொன்னான். கேட்டு முடித்ததும் அனிலா எழுந்தாள்.

"ஜெபின் சேட்டா, நஸ்ரின் சேச்சி சொன்ன அந்தப் புதன்கிழமை மணி நேரம், நீங்க ஜெயிச்சாலும் உண்டா? எங்களுக்க பஸ்ஸும் மூணு அம்பதுக்குப் போயிரும்."

ஜெபின் தலையைச் சொறிந்தான். மலை பஸ் நான்கே முக்காலுக்கு. அவனுக்கு ஒத்திகையெல்லாம் ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. சுமையாவின் பக்கத்தில் இருந்த நஸ்ரினைப் பார்த்தான். பிறகு என்னையும் பார்த்தான்.

"உண்டு."

"எழுதித் தருவியளா?"

அறை சிரித்தது. "சாரு கேட்டுட்டுத்தானே நிக்காரு, பின்ன என்ன?" என்றான் ஜெபின்.

செவ்வாய்க்கிழமை பட்டியலில் ஏழு மொழி வகுப்புகள் இருந்தன. மலையாள வகுப்பை முதலில் வைத்தேன். எண்ணும்போது அறையில் வழக்கத்தைவிடக் கூட்டம். எல்லோரும் நின்றார்கள். ஞானதாஸ் சார் ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு எண்ணினார். முடிவு, ஜெபின் இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்று, நஸ்ரின் இருநூற்று எண்பத்தொன்பது.

இரண்டு வாக்கு. யார் மாற்றிப் போட்டார்கள், வியாழக்கிழமை வராமல் செவ்வாய்க்கிழமை வந்தவர்கள் யார், அந்தப் பதினோரு பேரும் எப்படிப் போட்டார்கள் என்று எதையும் கழித்துப் பார்க்க முடியாது. ஞானதாஸ் சார் விரும்பியதும் அதுதான். நஸ்ரின் கடைசிச் சீட்டு வரை அசையாமல் நின்றாள். பிறகு தாளில் கையெழுத்துப் போட்டாள். ஜெபின் தோளில் கை போட வந்து, பாதியில் நிறுத்தி, கையை நீட்டினான். அவள் குலுக்கினாள். அன்று கடல் பஸ் நிறுத்தத்தில் சத்தமில்லை. ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. நான் அலுவலகச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஏறும்போது சுமையா அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

பேரவையின் முதல் கூட்டத்தில் நடவடிக்கைக் குறிப்பு எழுதியவன் நான். முதல் தீர்மானம், புதன்கிழமை கடைசி மணி நேரம் மன்றங்களுக்கு. கொண்டுவந்தவர் தலைவர் ஜெபின். இரண்டாவது, நுண்கலை மன்றச் செயலாளராக நஸ்ரின். அதையும் கொண்டுவந்தது அவன்தான். கைப்பந்து வலை மூன்றாவதாகத்தான் வந்தது. முதல்வர் நூலகரைக் கேட்டார். நூலகர், "எனக்கும் ஆளுக வந்து போன மாதிரி இருக்கும்" என்றார்.

முதல் புதன்கிழமை இரண்டு நாற்பதுக்கு அரங்கைத் திறந்தபோது நாற்காலி போதவில்லை. மூன்று பஸ் பிள்ளைகளும் இருந்தார்கள். நஸ்ரின் மேடையில் ஏறி, ஒலிவாங்கியின் உயரத்தைக் குறைத்துவிட்டுப் பாடினாள். அவளுக்குப் பாடத் தெரியும் என்று சொன்னது வெறும் பேச்சில்லை. பாட்டின் நடுவே அவள் ஒருமுறைகூட சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மூன்று முப்பத்தைந்துக்கு நான்தான் பார்த்தேன்.

படிப்பு முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தபோது பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "சார், உங்க மேல எனக்குக் கோவம் போகல்ல, கேட்டியளா?" என்றாள்.

"தெரியும்."

"ஆனா எனக்க தங்கச்சி அடுத்த வருசம் இங்கதான் சேருகா. மலையாளம் எடுக்காளாம். அவ பேர மட்டும் விட்டுராதீங்க."

விடவில்லை. அந்தப் பெண் படித்த மூன்று வருடமும் பட்டியலில் அவள் பெயரை நானே எழுதினேன்.

ஷைனி திரும்ப அழைத்தது அந்தத் திங்கட்கிழமையே மாலை நான்கு மணிக்கு.

"சார், பாத்தேன். தமிழ்ப் பாடத்துக்க கோட் நம்பர வச்சுத்தான் பேரெல்லாம் எடுத்திருக்கு. மலையாளம் ஒம்பது பேரு இல்ல. பிரெஞ்சுன்னு இந்த வருசம் நாலு பேரு புதுசா சேந்திருக்காங்க. அவங்களும் இல்ல."

"ஓட்டு எப்பம்?"

"நாளை கழிச்சு. லிங்க் இன்னும் போகல்ல. நான் சேத்துட்டேன். நோட்டீசுலயும் ஒரு வரி எடுத்துட்டேன் சார், தனியே அறிவிக்கப்படும்னு போட்டிருந்தத." தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "ஒரு தடவ வாசிக்கட்டா? நீங்க கேட்டா எனக்கு ஒரு தைரியம்."

"வாசி மக்கா."

அவள் வாசிக்கத் தொடங்கினாள். முதலில் மலையாளம், பிறகு பிரெஞ்சு. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பதின்மூன்று பெயரையும் கேட்டேன். எங்கேயும் அவள் குரல் தடுமாறவில்லை.

"இன்னும் ஏதாவது கிளாஸ் இருக்கா?" என்று கேட்டேன்.

"அதத்தான் சார் இப்பம் போய்ப் பாக்கப்போறேன். ஒவ்வொரு ரூமாப் போய்" என்றாள்.